நாக்குக்குத் தெரியாத கஞ்சி

பழுகாமத்து அருமைநாயகத்துக்குக் கோபம் வருகிற சங்கதிகள் அதிகம் இல்லை. யானை வந்து வேலியை முறித்துவிட்டுப் போனாலும், உரம் பிந்தி வந்தாலும், "சரி, பார்ப்பம்" என்று தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். காலைக் கஞ்சி குழைந்துபோனால் மட்டும் அன்றைக்கு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது.

கஞ்சி என்றால் அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. அரிசி சொந்த வயலில் விளைந்த சிவப்புப் பச்சையரிசியாக இருக்க வேண்டும். அது மலர வேண்டும், கரையக் கூடாது. கோப்பையைச் சரித்தால் சோறு ஒரு பக்கம் நிற்க, தண்ணீர் மறுபக்கம் ஓட வேண்டும். உள்ளிப் பல்லை வெட்டக் கூடாது, தட்டித்தான் போட வேண்டும். தேங்காயின் முதற்பாலைச் சட்டியை இறக்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் பக்கத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக வந்தால் கொய்யா மரத்தின் கீழ் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பக்கத்து வளவுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சிக் குடிப்பார்.

அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை பெரியகல்லாற்றுக்காரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய வீட்டில் கஞ்சியை அகப்பையால் மசித்து மசித்துக் கூழாக்கி, சுட்ட கருவாட்டோடு குடிப்பார்கள். கலியாணம் முடித்துப் பழுகாமத்துக்கு வந்த முதல் வாரம் அவள் அப்படித்தான் காய்ச்சிக் கொடுத்தாள். புது மாப்பிள்ளை கோப்பைக்குள் பார்த்துவிட்டு, "இது குடிக்கவா, நோட்டீஸ் ஒட்டவா?" என்று கேட்டார். சீதேவிப்பிள்ளை அந்தக் கோப்பையை அவருடைய கையிலிருந்து வாங்கி, அவருக்கு முன்னாலேயே நின்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு வந்த வருசங்களில் அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. அரிசி அவர் சொன்னபடி வேகும். கருவாடு அவள் சொன்னபடி சுடப்படும். அவர்களுடைய ஒரே மகள் தக்ஷாயினி இரண்டு பேரையும் கேட்காமல் தன் பங்குக்குச் சீனியைக் கொட்டிக் குடித்துவிட்டு, தான் படிப்பிக்கிற பாலர் பாடசாலைக்கு ஓடுவாள். "கஞ்சிக்குச் சீனி போடுற ஆக்களை நம்பப்படாது" என்று அப்பா ஒவ்வொரு நாளும் சொல்வார்.

அவருடைய உடம்பில் வருத்தம் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு கொச்சிக்காய்தான். சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அருமைநாயகம் கொச்சிக்காயை ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சத்தைக் கோப்பை விளிம்பில் வைத்தார்.

"உறைக்குது" என்றார்.

சீதேவிப்பிள்ளை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பது வருசத்தில் அந்த மனிதருடைய வாயிலிருந்து அவள் கேட்காத சொல் அது. கைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாயத் திறங்க பார்ப்பம்."

"ஒண்டுமில்ல, விடு."

"திறங்க எண்டுறன்!"

மகளுடைய போன் வெளிச்சத்தில் பார்த்தபோது, இடது கன்னத்தின் உட்புறத்தில், அவர் வழக்கமாக வெற்றிலையை ஒதுக்கி வைத்திருக்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு தழும்பும் அதன் நடுவில் ஒரு புண்ணும் இருந்தன.

"எத்தினை நாளா இது இரிக்கு?"

"அறுத்து முடியட்டும் எண்டு பார்த்தன்" என்றார் அருமைநாயகம்.

தக்ஷாயினி அன்றைக்குப் பாடசாலைக்குப் போகவில்லை. அப்பாவை ஓட்டோவில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்ததும் பிந்தாமல் ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நிற்பதற்காகப் புறப்பட்ட காலையில் அவர் வீட்டில் கஞ்சி குடித்தார். காரம் இல்லை, வெங்காயம் இல்லை, வலது பக்கத்தால் மட்டும் மெல்ல மெல்ல. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் குடித்தார். அது கடைசி என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் யாரும் அதைக் கவனித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு வந்த மாதங்களில் சீதேவிப்பிள்ளையை வதைத்தது அதுதான். அன்றைக்கு முதற்பாலைத்தான் ஊற்றினாளா, இல்லை பயண அவசரத்தில் இரண்டாம் தரம் பிழிந்த கப்பிப் பாலோடு விட்டுவிட்டாளா என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

கன்னத்தின் உட்சதையையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தை மூடினார்கள். பிறகு பல கிழமைகள் கதிர் பிடித்தார்கள். ஊரில் அதைக் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். எல்லாம் முடிந்து அருமைநாயகம் வீட்டுக்கு வந்தபோது முகத்தின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது, பேச்சு குழறியது, மூக்கிலிருந்து ஒரு ரியூப் இறங்கிக் காதுக்குப் பின்னால் பிளாஸ்டரால் ஒட்டப்பட்டிருந்தது. விழுங்கினால் சாப்பாடு மூச்சுக் குழாய்க்குள் போய்விடும், அதனால் வாயால் ஒன்றுமே கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை.

அந்த ரியூப் வழியாக அவருக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று தாதி சொல்லிக் கொடுத்திருந்தாள். பருப்புத் தண்ணீர், பால்மா, அடித்த முட்டை, எல்லாவற்றுக்கும் முதலாவதாகக் கஞ்சி. அரிசியைக் கரையக் கரைய அவித்து, துணியில் வடித்து, ஆறவைத்து, பெரிய சிரிஞ்சில் எடுத்து மெதுவாக இறக்க வேண்டும்.

சீதேவிப்பிள்ளை அதைப் பிசகாமல் செய்தாள். அருமைநாயகம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவருடைய மூக்குக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வடித்த கஞ்சி குழாய் வழியாக ஓடும். அது உள்ளே போவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் வயிற்றில் ஒரு சூடு தெரியும். அவ்வளவுதான்.

"வயிறு நிறையிது" என்று ஒரு நாள் சொன்னார். அவருடைய குழறல் அந்த நாட்களில் அவளுக்கு மட்டும்தான் விளங்கும். "நாக்குக்குத் தெரியல."

அவள் சிரிஞ்சைக் கழுவுவதற்காக எழுந்து போனாள். போனவள் கனநேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சமையல் மாறியது. சீதேவிப்பிள்ளை கருவாடு சுடுவதை விட்டாள், உள்ளி தட்டுவதை விட்டாள். தாயும் மகளும் கடைப் பாணைப் பிய்த்துத் தேத்தண்ணீரில் தோய்த்து, பின்பக்கக் கிணற்றடியில் நின்றபடியே தின்றுவிட்டு வருவார்கள். அவருக்கு முன்னால் வாயை அசைப்பதே பாவம் என்று அவர்களுக்குத் தோன்றியது. உறவுக்காரர்கள் வந்தாலும் தேத்தண்ணீரை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அருமைநாயகத்தின் வாய்தான் கெட்டிருந்தது. மூக்கு நன்றாகத்தான் இருந்தது. சில கிழமைகள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை அவள் சிரிஞ்சோடு வந்தபோது ரியூப்பின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"நீ என்ன தின்ட?"

"அது என்னத்துக்கு உங்களுக்கு? கையை எடுங்க."

"என்ன தின்ட எண்டு கேக்கிறன்."

"பாண்."

"நேத்து?"

அவள் சிரிஞ்சுக்குள் இருந்த கஞ்சியைப் பார்த்தாள்.

"வீட்டில அரிசி இல்லையா? நான் செத்தா போனன், அடுப்பெரியாமக் கிடக்க?" குழறிய பேச்சிலும் அந்தக் கோபம் தெளிவாகக் கேட்டது. "கஞ்சி காய்ச்சு. முந்தி காய்ச்சின மாதிரிக் காய்ச்சு. என்ட முன்னால இருந்து குடி."

"என்னால ஏலாது."

"அப்ப எனக்கும் வேணாம்" என்று கையை எடுக்காமலே இருந்தார்.

தக்ஷாயினி கெஞ்சிப் பார்த்தாள். பகல் வரைக்கும் அவர் அசையவில்லை. கடைசியில் சீதேவிப்பிள்ளை முறுகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அரிசியைக் கழுவினாள். நாலு உள்ளிப் பல்லை அம்மியில் வைத்து ஓங்கித் தட்டினாள். அந்தத் தட்டலில் பாதி கோபம். தேங்காய் திருவிப் பிழிந்து முதற்பாலைத் தனியாக எடுத்து வைத்தாள். ஒரு சீலாக் கருவாட்டைத் தணலில் போட்டாள். மணம் எழும்பி முற்றத்துக்கு வந்தபோது கொய்யா மரத்தடியில் இருந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். இறங்கவில்லை. கண்ணீர் வழிந்து கோப்பைக்குள் விழுந்தது.

"சத்தம் வரக் குடி" என்றார் அவர்.

"சும்மா இருங்க."

"எனக்குக் கேக்கணும். உறிஞ்சிக் குடி புள்ள."

சீதேவிப்பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். பழக்கமில்லாததால் புரைக்கேறி இருமினாள். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அந்த முகத்தில் வந்த முதற் சிரிப்பு அது. அதன் பிறகு கையை எடுத்து ரியூப்பை அவளிடம் நீட்டினார்.

அன்றிலிருந்து அவருக்கு முன்னால்தான் வீட்டின் காலைச் சாப்பாடு. தக்ஷாயினியும் தன் கோப்பையோடு வந்து உட்கார்வாள். சீனியைக் கண்டால் அவர் முகத்தைச் சுளிப்பார்.

ஊர் மெல்ல இதைக் கேள்விப்பட்டது. சிலர் பெருமூச்சு விட்டார்கள். நிஸ்தார் ஒரு தேசிக்காயைச் சாரத்து மடிப்பில் வைத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

நிஸ்தார் காத்தான்குடிக்காரர். வாவிக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் வயல். அவருடைய வயலும் அருமைநாயகத்தின் வயலும் ஒரே வட்டையில், ஒரே வரம்பின் இரண்டு பக்கமும் கிடந்தன. வருத்தம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அருமைநாயகத்தின் நெல்லுக்கும் அவர்தான் தண்ணீர் கட்டினார், மருந்தடித்தார். ஆனால் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. கூட்டாளியின் முகத்தைப் பார்க்கப் பயம்.

"தங்கச்சி, எனக்கும் ஒரு கோப்பை" என்று சொல்லி உட்கார்ந்தார். தேசிக்காயைப் பிழிந்துவிட்டுக் குடித்தார். அருமைநாயகம் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?"

"நல்லாரிக்கு மச்சான்."

"நல்லாரிக்கு எண்டா?"

நிஸ்தார் திகைத்தார். சீதேவிப்பிள்ளை, "எப்பிடி நல்லாரிக்கு எண்டு கேக்கிறார் காக்கா" என்று தமையனுக்குச் சொல்வதைப் போல விளக்கினாள்.

அவர் இன்னொரு வாய் எடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வட்டையில் நெல்லின் முதிர்ச்சியைப் பார்க்கிறவரைப் போல யோசித்தார். "முதல்ல பால் வருது. மறுகா உப்பு. சோறு பல்லில படக்குள்ள ஒரு இனிப்பு. உள்ளி கடைசியிலதான், விழுங்கினாப் பொறகு மூக்குக்குப் பின்னால நிக்கிது." சற்று நிறுத்தி, "உப்புக் கொஞ்சம் கூட" என்றார்.

"கூடவா?" என்று சீதேவிப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார் அருமைநாயகம். அவருக்கு அன்று முழுவதும் அந்தச் சந்தோசம் இருந்தது. யாரும் வருத்தத்தைப் பற்றிக் கேட்காமல் உப்பைப் பற்றிப் பேசி எவ்வளவு காலமாயிற்று!

அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாரிடமும் அவர் இதைத்தான் கேட்டார். நீங்கள் கஞ்சி எப்படிக் குடிப்பீர்கள்? குரக்கனா, அரிசியா? இலை போடுவீர்களா, என்ன இலை? முல்லையா, முருங்கையா? தேங்காய்ச் சம்பலா, பனங்கட்டியா? தபால்காரர் பயறு போட்ட கஞ்சியைப் பற்றிச் சொன்னார். நிஸ்தார் நோன்புக் கஞ்சியைப் பற்றி, அதில் இறைச்சி எந்த நேரம் விழ வேண்டும் என்பதைப் பற்றி ஒரு காலை முழுவதும் சொன்னார். அருமைநாயகம் கேட்டுக்கொண்டிருப்பார். தொண்டை தன்பாட்டில் ஏறி இறங்கும். எச்சில் ஊறாத வாய் அது. கதிர் பிடித்ததில் உமிழ்நீர் வற்றிப்போயிருந்தது. ஆனாலும் ஊறுகிற மாதிரி அவருக்கு இருக்கும்.

கேட்கக் கேட்க ஆசை கூடியதே தவிர, குறையவில்லை. ஒரு காலை சீதேவிப்பிள்ளை கோழிக்கு நெல் போடப் போன நேரத்தில் அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். சட்டியில் கஞ்சி இருந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். ஒன்றே ஒன்றுதான். அது நாக்கைத் தாண்டிய வேகத்தில் தவறான வழியில் இறங்கியது.

இருமல் சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தபோது அவர் நிலத்தில் உட்கார்ந்து, முகம் கறுத்து, மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். முதுகில் தட்டினாள், கத்தினாள். பக்கத்து வளவுக்காரர்கள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அதனால் நெஞ்சில் சளி பிடித்து, காய்ச்சல் வந்து, ஒரு வாரத்துக்கு மேல் வாட்டில் கிடந்தார்.

சீதேவிப்பிள்ளை பக்கத்திலேயே இருந்தாள். முதல் இரண்டு நாட்கள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒரு கரண்டிக் கஞ்சிக்கு என்னை அறுதலியாக்கப் பார்த்தீங்களே" என்றாள். அவர் அவளுடைய கையைப் பிடிக்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தாள்.

அடுத்த கட்டிலில் வாகரையிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரர் இருந்தார். காய்ச்சல் குறைந்ததும் அருமைநாயகம் அவர் பக்கம் திரும்பியதைக் கண்டு சீதேவிப்பிள்ளை தலையில் கை வைத்தாள். வாகரைக்காரருக்குப் பேசப் பிடிக்கும். தங்கள் பக்கத்தில் முதல் நாள் மீன் ஆணத்தைச் சட்டியோடு வைத்திருந்து, காலையில் அதைச் சூடாக்காமலே கஞ்சிக்கு மேல் ஊற்றிக் குடிப்பதாகச் சொன்னார். புளி ஊறி, மீன் உதிர்ந்து, கடலால் வந்த குளிருக்கு அதைப் போல ஒன்றும் இல்லை என்றார். அருமைநாயகம் இமைக்காமல் கேட்டார். "குளிர்ந்த ஆணம். சுடு கஞ்சி" என்று தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

அந்த வாட்டில்தான் நதாலி மிஸ் அறிமுகமானார். பட்டணத்துப் பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை. பேச்சும் விழுங்குதலும் பழக்குவது அவருடைய வேலை. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் ஏசவில்லை.

"ஐயாவுக்கு என்ன சாப்பிட ஆசை?"

"கஞ்சி" என்றாள் சீதேவிப்பிள்ளை, அவருக்காக.

"அப்ப கஞ்சிக்கே பழகுவம்."

வெறும் விழுங்கல் விழுங்குவது, தலையை ஒரு பக்கம் திருப்பி நாடியைத் தாழ்த்தி விழுங்குவது, நாக்கை இழுத்துப் பிடிப்பது என்று மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது. தக்ஷாயினி வீட்டில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பாள், பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்பாள். ஒரு நாள் பரிசோதனையில் எல்லாம் சரியான வழியில் இறங்கியது. கரண்டி கரண்டியாக வாயால் கொடுக்கலாம் என்றார் நதாலி மிஸ். ஆனால் ஒரு நிபந்தனை. தண்ணீராக ஓடுகிற எதுவும் கூடாது. சோறு பருக்கையாகவும் கூடாது. நன்றாக மசித்து, கரண்டியில் நிற்கிற பதத்தில், கூழாக இருக்க வேண்டும்.

சீதேவிப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பெரியகல்லாத்துக் கஞ்சி" என்று கணவனைப் பார்த்துச் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த நாள் காலை அவள் மசித்துக் கொண்டு வந்தாள். புண் எரியும் என்று பயந்து உப்பைப் போடவில்லை. பாலும் உள்ளியும் மட்டும்தான். நிஸ்தார் வந்திருந்தார், தக்ஷாயினி லீவு போட்டிருந்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாடியைத் தாழ்த்தி, தலையைத் திருப்பி, விழுங்கினார். இருமல் வரவில்லை. நிஸ்தார் தொடையில் தட்டினார்.

"எப்பிடி மச்சான்?"

அருமைநாயகம் நாக்கால் உதட்டைத் தடவினார். பிறகு, "நல்லாரிக்கு. உப்பு அளவா இரிக்கு" என்றார்.

சீதேவிப்பிள்ளை கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துக் கிளறினாள். கிளறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் ஒரு கல் உப்புப் போட்டாள். அவர் அதையே, அதே குரலில் சொன்னார். அவள் யாருக்கும் சொல்லவில்லை.

ரியூப்பை எடுத்துவிட்டார்கள். முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஊரார் வந்து பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். ஆனால் அருமைநாயகம் யாரிடமும் கஞ்சியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். கொடுத்ததைக் குடித்துவிட்டு வேலியோரமாகப் போய் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மழை தொடங்கின ஒரு நாள், அவள் கோப்பையை எடுக்க வந்தபோது அவரே சொன்னார்.

"சீதேவி, எனக்கு ஒண்டும் தெரியல. சுடுகிது. அவ்வளவுதான். பசையைத் தின்னுறதும் இதைத் தின்னுறதும் ஒண்டு."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் நாளில இருந்து. நான் உப்புப் போடல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்தினார்.

"ரியூப் இரிக்கக்குள்ள நீங்கெல்லாம் குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருந்தன்தானே" என்றார் மெதுவாக. "அப்ப எனக்கு எல்லாம் தெரிஞ்சிச்சு. பால், உள்ளி, எல்லாம். மனசுக்குள்ள அப்பிடியே இரிந்திச்சு. இப்ப வாயில வச்சாப் பொறகு அதுவும் இல்லாமப் போயிட்டு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மழை கொய்யா இலைகளில் விழுந்துகொண்டிருந்தது. கதிரில் மரத்த நாக்குக்கு ருசி திரும்ப வரும், சில பேருக்குக் கெதியாக வரும், சில பேருக்கு ஒரு வருசத்துக்கு மேலும் போகும் என்று நதாலி மிஸ் முன்னரே சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் அது தெரிந்ததுதான். அதை அவள் மறுபடி சொல்லவில்லை.

முதலில் வந்தது இனிப்பு. ஒரு காலை தக்ஷாயினி அவசரத்தில் தன் கோப்பையையும் அவருடையதையும் மாற்றி வைத்துவிட்டாள். அவர் ஒரு கரண்டி எடுத்தார், நிறுத்தினார், இன்னொன்று எடுத்தார்.

"இதுக்குள்ள சீனி" என்றார்.

"ஐயோ அப்பா, அது என்ட. தாங்க" என்று அவள் கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழுவதையும் குடித்தார். அந்த மாதம் முழுவதும் அவருக்குச் சீனிக் கஞ்சிதான். நிஸ்தார் அதைப் பார்த்துச் சிரித்தபோது, "கிடைக்கிறதைத்தானே எடுக்கலாம்" என்றார்.

பெரும்போக அறுவடை வந்தது. கதிர் பிடித்த கழுத்துத் தோல் வெயிலில் எரிந்ததால் அருமைநாயகத்தால் வயலுக்குள் இறங்க முடியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நின்று மெசின் வெட்டுவதைப் பார்த்தார். புது நெல்லைக் காயவிட்டுக் குற்றி, சீதேவிப்பிள்ளை புது அரிசிக் கஞ்சி காய்ச்சினாள். புது அரிசியின் மணம் அவருக்குத் தெரிந்தது. அதில் குறை ஒன்றுமில்லை. வாயில் வைத்தபோது பாலின் இனிப்பு நாக்கின் ஓரத்தில் லேசாகத் தெரிந்தது. உப்பு எங்கேயோ தூரத்தில் கேட்கிற சத்தத்தைப் போல இருந்து, இல்லாமல் போயிற்று. உள்ளி வரவே இல்லை.

அவர் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். தக்ஷாயினி பாடசாலைக்குப் போய்விட்டாள். நிஸ்தார் வண்டியில் மூட்டை ஏற்றப் போய்விட்டார். கஞ்சி ஆறியது. சீதேவிப்பிள்ளை அதை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டு வந்து வைத்தாள்.

"உள்ளி வருதா?"

"இல்ல."

"உப்பு?"

"வந்த மாதிரி இரிந்திச்சு."

அவள் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். அறுத்த வயலில் கொக்குகள் இறங்கியிருந்தன. வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது.

"அடுத்த போகத்துக்குள்ள வந்தாப் போதும்" என்றார் அருமைநாயகம், கரண்டியால் கோப்பையின் அடியை வழித்துக்கொண்டு.